நானே வாதாடுவதா, சட்ட உதவி வக்கீலா?

சென்னை வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு அடிதடி வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டது, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் நானே பேசிக்கொள்கிறேன் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. போலீஸ் வழக்கில் குற்றப்பத்திரிகை நகலும் இலவசம். சின்ன அபராத வழக்கென்றால் சரி.

சிறைத் தண்டனை வரக்கூடிய வழக்கில் அப்படி நிற்காதீர்கள். குறுக்கு விசாரணையில்தான் ஆபத்து. சாட்சியிடம் "நீதானே முதலில் என்னை அடித்தே?" என்று கேட்டால், சம்பவ இடத்தில் இருந்ததை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எதைக் கேட்காமல் விடவேண்டும் என்பது பழகிய வக்கீலுக்குத்தான் தெரியும். கோபத்தில் இருப்பவருக்கு அது வரவே வராது.

வசதியில்லாதவர்களுக்காக அரசு ஏற்பாட்டில் வரும் சட்ட உதவி வக்கீலுக்குக் கட்டணம் கிடையாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பும் இல்லை. அந்த வக்கீலைப் பிடித்துப் பேசுவது சில நேரம் சிரமம்தான். வாய்தாவுக்கு முன்பே காகிதங்களோடு போய்ப் பாருங்கள். இப்படி ஒரு வக்கீல் வேண்டுமென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைக்கலாம். இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடமே "வக்கீல் வைக்க வசதியில்லை ஐயா" என்று சொல்லுங்கள்.