புல்தரையில் முதலிடம் யாருக்கு: சாம்ப்ராஸ், ஃபெடரர், ஜோகோவிச்

விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் ஆடவர் ஒற்றையர் பிரிவில் ரோஜர் ஃபெடரர் 8 முறையும், பீட் சாம்ப்ராஸ், நோவாக் ஜோகோவிச் ஆகிய இருவரும் தலா 7 முறையும் பட்டம் வென்றிருக்கிறார்கள். ஒரேயொரு பட்ட வித்தியாசத்தைக் காட்டி மூவரில் யார் பெரியவர் என்று தீர்ப்பளிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. அதே சமயம், மூவருமே மாபெரும் வீரர்கள், அவர்களை ஒப்பிடவே கூடாது என்று நழுவிக்கொள்வதும் விளையாட்டை நேசிப்பவருக்கு அழகல்ல. களிமண் தரையும் கடினத் தரையும் கேட்காத எதைப் புல்தரை ஒரு வீரரிடம் கேட்கிறது, அதை இவர்களில் யார் நிறைவாகக் கொடுத்தார் என்பதே என் அளவுகோல். அதன்படி ஃபெடரருக்கே முதலிடம் என்பது என் முடிவு. ஜோகோவிச்சிடம் அவர் மூன்று விம்பிள்டன் இறுதிப்போட்டிகளில் தோற்றதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

புல்தரையில் பந்து விழுந்ததும் மேலே எழாமல் வழுக்கிக்கொண்டு முன்னே பாய்கிறது. முதல் வாரத்தில் புல் பச்சையாகவும் ஈரமாகவும் இருப்பதால் கால் ஊன்றுவதே சிரமம். இரண்டாம் வாரத்தில் ஆடுகளத்தின் பின் எல்லைக் கோடான பேஸ்லைனை ஒட்டிய பகுதி தேய்ந்து மண் தெரியத் தொடங்கியதும், பந்து எந்த உயரத்துக்கு எழும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியாது. ஆகவே நீண்ட ஓங்கலுடன் அடிப்பவரைவிட, முழங்காலை மடக்கிக் குனிந்து, குறுகிய அசைவில் பந்தைச் சந்திப்பவருக்கே இங்கு ஆதாயம் அதிகம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அடியான சர்வின் வேகம் ஒரு பாதிதான். மற்றொரு பாதி கைநயம். வேகமான சர்வ் இல்லாத இந்திய வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றது அந்தக் கைநயத்தால்தான். இந்த மூவரையும் எடைபோடும்போது அவருடைய ஆட்டத்தை நான் மனத்தில் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் புல்தரை என்றாலே ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) மழை என்று எண்ணுபவர்களுக்கு அதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது.

இந்த ஒப்பீட்டில் பலரும் முதலில் எழுப்பும் ஆட்சேபம் தரையைப் பற்றியது. 2000ஆம் ஆண்டு வரை விம்பிள்டன் ஆடுகளங்களில் 70 சதவீதம் ரை புல்லும் 30 சதவீதம் ஃபெஸ்க்யூ புல்லும் கலந்து விதைக்கப்பட்டன. 2001 முதல் முழுவதும் ரை புல்லாக மாற்றப்பட்டது. புதிய புல் தேய்மானத்தை அதிகம் தாங்கியது. அடியிலுள்ள மண்ணும் இறுகியதால் பந்து முன்பைவிடச் சற்று உயர்ந்து எழத் தொடங்கியது. எனவே சாம்ப்ராஸ் ஆடியது வேறு தரை, மற்ற இருவரும் ஆடியது வேறு தரை என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. புல் மாற்றப்பட்ட அதே 2001ஆம் ஆண்டில்தான் கோரன் இவானிசெவிச்சும் பாட் ராஃப்டரும் இறுதிப்போட்டியில் சர்வ் செய்த கையோடு வலையை நோக்கி ஓடி, ஐந்தாவது செட் 9-7 வரை போராடினார்கள். மறு ஆண்டே லேட்டன் ஹெவிட்டும் டேவிட் நால்பாண்டியனும் அதே இறுதிப்போட்டியைப் பேஸ்லைனில் நின்றே ஆடி முடித்தார்கள். ஓராண்டில் புல் அவ்வளவு மாறிவிடவில்லை. ஆடும் தலைமுறை மாறிவிட்டது. பந்துக்கு அதிகச் சுழற்சி தரும் பாலியஸ்டர் மட்டை நரம்புகள் பரவியதும், வலைக்கு வருபவரின் காலடியில் பந்தை இறக்குவது எளிதாகிவிட்டது. ஆகவே புல் விதையை மட்டும் காரணம் காட்டிச் சாம்ப்ராஸுக்குச் சலுகை தருவதோ, மற்றவர்களின் பட்டங்களைக் குறைத்து மதிப்பிடுவதோ முறையாகாது.

சாம்ப்ராஸின் ஆட்டத்தில் நான் வியக்கும் உறுப்பு அவருடைய இரண்டாவது சர்வ். முதல் சர்வில் வேகம் காட்டியவர்கள் அவர் காலத்திலேயே பலர் இருந்தார்கள். இவானிசெவிச்சின் இடதுகைச் சர்வைச் சாம்ப்ராஸின் சர்வைவிடக் கொடியது என்று சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் முதல் சர்வ் வெளியே போனதும் எதிராளி ஒரு அடி முன்னே நகர்ந்து நிற்கும் அந்தத் தருணத்தில், ஏறக்குறைய அதே துணிவோடும் கூடுதல் சுழற்சியோடும் இரண்டாவது பந்தை அடித்துவிட்டு வலைக்குச் செல்ல அவரைப் போல் எவராலும் முடிந்ததில்லை. 1999 இறுதிப்போட்டியில் ஆந்த்ரே அகாஸிக்கு எதிராக முதல் செட்டில் 3-3 என்ற நிலையில் தம் சர்வில் 0-40 எனப் பின்தங்கினார். காலமெல்லாம் பேசப்படும் ரிட்டர்ன், அதாவது சர்வைத் திருப்பி அடிக்கும் திறன், அகாஸியுடையது. அவருக்கு மூன்று பிரேக் பாயிண்ட்கள், அதாவது எதிராளியின் சர்வில் கேமை வெல்லும் வாய்ப்புகள், கையில் இருந்தன. சாம்ப்ராஸ் தொடர்ந்து ஐந்து புள்ளிகளை எடுத்து அந்த கேமைக் காப்பாற்றினார். அடுத்த கேமிலேயே அகாஸியின் சர்வை முறியடித்தார். 6-3, 6-4, 7-5 என்று நேர் செட்களில் வென்றார். பட்டத்தைத் தீர்மானித்த கடைசிப் புள்ளியோ இரண்டாவது சர்வில் அடித்த ஏஸ்! புல்தரையில் ஒரே ஒரு நாள் ஆட்டத்தை வைத்து யாரையாவது தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் தயங்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமையின் சாம்ப்ராஸைத்தான் சொல்வேன்.

எட்டு ஆண்டுகளில் ஏழு பட்டங்கள், ஆடிய ஏழு இறுதிப்போட்டிகளிலும் வெற்றி என்ற சாதனை சாதாரணமானதல்ல. இடையில் 1996 காலிறுதியில் அவரை நேர் செட்களில் வீழ்த்திய ரிச்சர்ட் கிராய்செக்கே அந்த ஆண்டின் பட்டத்தையும் வென்றார். ஆனாலும் சாம்ப்ராஸின் ஆட்டத்தில் ஒரு குறை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிராளியின் சர்வில் பெரும்பாலான கேம்களை அவர் பெரிதாகப் பொருட்படுத்த மாட்டார்; செட்டுக்கு ஒரு முறை கிடைக்கும் வாய்ப்புக்காகக் காத்திருப்பார், அல்லது செட் சமநிலையில் இருக்கும்போது அதைத் தீர்மானிக்கும் டை-பிரேக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். தம் சர்வ் மீது அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்க்காத வரை அந்த வழி பிழையற்றது. 2001 நான்காம் சுற்றில் 19 வயது ஃபெடரர் அவரை ஐந்து செட்களில் வென்றபோதும், 2002இல் இரண்டாம் கோர்ட்டில் ஜார்ஜ் பாஸ்டலிடம் அவர் தோற்றபோதும், சர்வ் கைகொடுக்காத நேரத்தில் சார்ந்து நிற்க அவரிடம் இன்னொரு தூண் இல்லை என்பது தெரிந்தது.

ஜோகோவிச் இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தவர். அவர் ரிட்டர்னை அடித்தளமாக வைத்துப் புல்தரையை வென்றார். இவ்வகையில் அகாஸி ஒரு முறை, 1992இல், செய்ததை அவர் ஏழு முறை செய்தார். புல்லில் சறுக்கினால் காலை முறித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் எச்சரித்துக்கொண்டிருந்த இடத்தில், களிமண் தரையில் சறுக்குவது போலவே சறுக்கிச் சென்று பந்தை எடுத்து, அதை எதிராளியின் பேஸ்லைனுக்கு ஓரடி முன்னால் விழச் செய்வதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். எத்தனையோ பேரின் நல்ல சர்வ்கள் அவருக்கு எதிராகச் சாதாரண ராலியின் தொடக்கமாகச் சுருங்கிப்போயின. 2018 அரையிறுதியில் ரஃபேல் நடாலை இரண்டு நாள்களாக நீண்ட ஆட்டத்தில் ஐந்தாவது செட்டை 10-8 என எடுத்து வென்றதும், 2022 காலிறுதியில் யானிக் சின்னரிடம் முதல் இரண்டு செட்களை இழந்துவிட்டு மீண்டதும் அவருடைய மன உறுதிக்குச் சான்றுகள். 2013 இறுதிப்போட்டியில் ஆண்டி முர்ரேயிடம் தோற்ற பிறகு, 2023 இறுதிப்போட்டியில் கார்லோஸ் அல்கராஸிடம் தோற்கும் வரை சென்டர் கோர்ட்டில் அவர் எவரிடமும் தோற்கவில்லை. பத்து ஆண்டுகள்!

இவ்வளவும் சொன்ன பிறகும், ஜோகோவிச்சின் வெற்றி புல்தரையில் நிகழ்ந்ததே தவிர, புல்தரையின் குணத்திலிருந்து பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும் மெல்போர்னின் கடினத் தரையில் அவரை யாராலும் அசைக்க முடியாமல் செய்த அதே ஆட்டத்தை, அதே ஆழத்தோடும் பொறுமையோடும் அவர் லண்டனுக்குக் கொண்டுவந்தார். வலைக்கு வருவதையும், பந்தை அடியில் வெட்டித் தாழ்வாக அனுப்பும் ஸ்லைஸையும் ஆண்டுக்கு ஆண்டு மெருகேற்றினார் என்பது உண்மை. ஆனால் அவை அவருடைய ஆட்டத்தின் துணைப்பாகங்களாகவே இருந்தன. விம்பிள்டனுக்கு வெளியே புல்தரையில் அவர் வென்ற பட்டம் ஒன்றே ஒன்றுதான், 2017 ஈஸ்ட்போர்ன். முன்னோட்டப் போட்டிகளை அவர் பெரும்பாலும் தவிர்த்தார் என்பதும் இதற்குக் காரணம். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நான் அதிக எடை வைக்கவில்லை.

ஃபெடரருக்கு வருவோம். புல்தரையில் அவர் வென்ற மொத்தப் பட்டங்கள் 19: விம்பிள்டனில் 8, ஜெர்மனியின் ஹாலேயில் 10, ஸ்டுட்கார்ட்டில் 1. 1968இல் தொடங்கிய ஓப்பன் காலத்தில் ஆடவர் பிரிவில் இதுவே உச்சம். 2003 தொடங்கி 2008 விம்பிள்டன் இறுதிப்போட்டியில் நடால் அவரை வீழ்த்தும் வரை புல்தரையில் தொடர்ந்து 65 ஆட்டங்களை வென்றார். இந்த எண்களைவிட என்னை ஈர்ப்பது, ஒரே வீரர் இரண்டு விதமான ஆட்டங்களையும் முதல் தரத்தில் ஆடினார் என்பதே. சாம்ப்ராஸை வென்ற 2001 ஆட்டத்தில் அவர் சாம்ப்ராஸைப் போலவே சர்வ் செய்துவிட்டு வலைக்கு ஓடினார். 2003இல் மார்க் ஃபிலிப்பூசிஸை வென்று முதல் பட்டம் எடுத்தபோதும் வலை ஆட்டம் அவருடைய முதன்மை ஆயுதமாகவே இருந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பேஸ்லைனில் நின்று ஃபோர்ஹேண்டால் ஆட்டத்தை ஆள்பவராக மாறி அதே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை ஏந்தினார். 2017இல், 36 வயதை நெருங்கும்போது, ஒரு செட்கூட இழக்காமல் எட்டாவது பட்டத்தை வென்றார்.

அவருடைய பேக்ஹேண்ட் ஸ்லைஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டி ராடிக் போன்றவர்களின் அசுர வேகச் சர்வை எதிர்கொள்ளும்போது அவர் மட்டையை ஓங்குவதே இல்லை. முன்னங்கையை இறுக்கி, பந்தின் அடிப்பகுதியை வெட்டி, வலைக்குச் சற்று மேலே மிதக்கவிட்டு எதிர்ப்பக்கத்தில் இறக்குவார். அது எதிராளியின் முழங்காலுக்குக் கீழேயே தங்கிவிடும். ஓங்கி அடிக்க வழியில்லாமல் அவர் பந்தைத் தூக்கிக் கொடுத்தாக வேண்டும். ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் அதற்காகவே காத்திருக்கும். இந்த ஒரு அடி கடினத் தரையில் தற்காப்பு, களிமண்ணில் ஏறக்குறைய பலவீனம், புல்லில் மட்டுமே தாக்குதல். புல்தரையின் குணத்தைத் தம் ஆட்டத்தின் மையத்தில் வைத்தவர் என்று நான் சொல்வது இதைத்தான். 2009 இறுதிப்போட்டியில் ராடிக்கின் சர்வை முறியடிக்க அவருக்கு 77ஆவது கேம் வரை ஆனது. அதுவே ஆட்டத்தின் கடைசி கேம், ஐந்தாவது செட் 16-14. அன்று அவர் அடித்த ஏஸ்கள் 50. சாம்ப்ராஸிடம் இல்லாத இரண்டாவது தூணும், தேவைப்பட்டால் சாம்ப்ராஸைப் போலவே முதல் தூணை மட்டும் நம்பி நிற்கும் திடமும் அவரிடம் இருந்தன.

இனி, தப்பிக்கக் கூடாத ஆட்சேபம். விம்பிள்டனில் ஃபெடரரும் ஜோகோவிச்சும் நான்கு முறை மோதியதில் 2012 அரையிறுதியைத் தவிர, 2014, 2015, 2019 ஆகிய மூன்று இறுதிப்போட்டிகளையும் ஜோகோவிச்தான் வென்றார். 2015 ஆட்டத்தில் ஜோகோவிச் தெளிவாக மேலோங்கி இருந்தார். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஃபெடரர் ஆறு வயது மூத்தவர் என்ற வாதத்தையும் நான் முன்வைக்கப் போவதில்லை, ஏனென்றால் முந்தைய பட்டங்களில் சிலவற்றை அவர் எதிரிகள் முதிர்ச்சியடையாத வயதில் வென்றார் என்று மறுபக்கத்தினர் திருப்பிச் சொல்லலாம்.

ஆனால் 2019 இறுதிப்போட்டியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 8-7 என முன்னிலையில், தம் சர்வில் 40-15. ஒன்றை எடுத்தாலே பட்டம் என்ற நிலையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட்கள். முதலாவதில் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் பக்கவாட்டில் வெளியே போனது. இரண்டாவதில் ஃபோர்ஹேண்டை அடித்துவிட்டு வலைக்கு வந்தார். ஜோகோவிச் அதைக் குறுக்காகத் திருப்பி அவரைக் கடந்து அடித்தார். நான்கு மணி 57 நிமிடங்களுக்குப் பிறகு 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்று ஆட்டம் முடிந்தபோது ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் எடுத்தவை 204. டை-பிரேக் மூன்றையும் ஜோகோவிச் வென்றார். மிக முக்கியமான புள்ளிகளில் தவறே செய்யாமல் ஆடியவருக்குக் கோப்பை போனது நியாயமானதே. அவர் நரம்பின் உறுதியில் தம் காலத்தின் தலைசிறந்தவர். ஆனால் அந்த நரம்பின் உறுதி எந்தத் தரைக்கும் பொதுவானது. அன்று புல்தரை டென்னிஸைக் கூடுதலாக ஆடியவர் யார் என்று கேட்டால், 37 வயதில் தோற்றுப்போனவரையே நான் கைகாட்டுவேன்.

இரண்டாம் இடத்துக்குத்தான் உண்மையில் கடும் போட்டி. ஜோகோவிச்சுக்கு 10 இறுதிப்போட்டிகளும், 2025 முடிய 102 விம்பிள்டன் வெற்றிகளும் இருக்கின்றன. சாம்ப்ராஸின் வெற்றிகள் 63 மட்டுமே. நீடித்த காலம்தான் அளவு என்றால் ஜோகோவிச்சையே முன்னே வைக்க வேண்டும். எல்லாத் தரைகளையும் சேர்த்து டென்னிஸின் தலைசிறந்த வீரர் யார் என்று கேட்டாலும், 24 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களைக் கொண்ட ஜோகோவிச்சின் பெயரைத்தான் சொல்வேன். என்றாலும் புல்லுக்கென்றே செதுக்கப்பட்ட ஆட்டத்தை மதிக்கும் என் அளவுகோல் சாம்ப்ராஸைத்தான் மயிரிழையில் முன்னே தள்ளுகிறது. பாரிஸின் களிமண் தரையில் ஒரு முறைகூட இறுதிப்போட்டியை எட்ட முடியாத ஒருவர், அங்கிருந்து கடல் தாண்டி வந்த சில வாரங்களில் எவராலும் நெருங்க முடியாதவராக மாறினார் என்பதே அதற்குப் போதுமான ஆதாரம்.

அல்கராஸை இந்த வரிசையில் சேர்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜோகோவிச்சையே இறுதிப்போட்டியில் வென்றவர், வலையை ஒட்டி மெதுவாக இறக்கும் குறும்பந்தைப் புல்லில் ஆயுதமாக்கியவர் என்ற வகையில் அவர் ஆட்டம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் 2025 இறுதிப்போட்டியில் முதல் செட்டை வென்ற பிறகும் சின்னரின் ஆழமான பேஸ்லைன் அடிகளுக்கு அவரிடம் விடையில்லாமல் போனதைப் பார்த்தபோது, அவர் இன்னும் நிறைய உழைக்க வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. இரண்டு பட்டங்களை வைத்து அவரை இந்த மூவரோடு நிறுத்த நான் இப்போது தயாராக இல்லை.