தைலவண்ணமா, மைக்கோடா?

அவர் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ் பேசுவோர் நிறைந்த கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளியில் ஓவிய வாத்தியார். 1950களின் கடைசியில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்தபோது சென்னை கலைப் பள்ளியில் படித்தவர். பாலக்காட்டிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாது. நான் சேர்ப்பது அவருடைய அரூப ஓவியங்களை, அதாவது எந்த உருவத்தையும் அப்படியே காட்டாதவற்றை மட்டும்தான்.

போன மாதம் ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. கோவை வியாபாரி ஒருவரிடம் ஹார்ட்போர்டில், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகையில், தீட்டிய பெரிய தைலவண்ணப் படம். வாத்தியாரின் மகள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பதினோரு மைச் சித்திரங்கள்.

தைலவண்ணம் சுவரை நிறைக்கும், கண்ணாடிகூட வேண்டாம். காவியும் கரும்பச்சையும் அத்தனை அழகு. ஆனால் ஹார்ட்போர்டு ஈரத்தைக் குடிக்கும். கீழ் ஓரம் உப்பி, வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தது. எங்கள் ஊர் இடவப்பாதி மழையை, அதாவது தென்மேற்குப் பருவமழையை, அது எத்தனை வருஷம் தாங்கும்? அப்புறம், கையெழுத்து வார்னிஷுக்கு மேலே இருந்தது. வார்னிஷ் கடைசியில் பூசுவது. பிறகு யார் எழுதினார்கள்? யார் வீட்டிலிருந்து வந்தது என்றும் வியாபாரி சொல்லவில்லை. விலைப்பட்டியலோ நூலோ இல்லாத ஓவியருக்கு, படம் வந்த வழிதான் சாட்சி.

காகிதத்துக்கும் எதிரிகள் உண்டு. ராமபாணப் பூச்சி, பழுப்புப் புள்ளி, ஃப்ரேமுக்குள் வைக்கும் மட்டமான அட்டையின் அமிலம். ஆனால் கரியில் செய்த மை வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. அமிலமில்லாத அட்டையும் ஈரமில்லாத உள்சுவரும் இருந்தால் போதும்.

என்னை மயக்கியது வேறு. சென்னையில் படித்த அந்தத் தலைமுறைக்குக் கோடுதான் உயிர். அது மையில் ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. மூன்று படங்கள் தமிழில் அச்சடித்த அரைப் பரீட்சைக் கேள்வித்தாளின் பின்பக்கம். "மிச்சமான தாளை அப்பா வீணாக்கவே மாட்டார்" என்றார் அந்த அக்கா. தாளில் அச்சான வருஷம் 1963. பணிக்கர் எழுத்துகளையும் எண்களையும் கொண்டு 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கிய அதே வருஷம். அவருடைய மாணவரான நம் வாத்தியார் அந்த வழியில் போகவில்லை. ஓர் எழுத்துகூட இல்லை. கரிம்பனை ஓலையைப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழிப்பதுபோல் கோடுகள் விரிந்து பிரிகின்றன.

பதினொன்றையும் பிரிக்காமல் வாங்கினேன். கேள்வித்தாள் படங்கள் மூன்றுக்கும் பின்னாலும் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறேன்.