எட்டு வாரக் குட்டி என்று நம்ப வைத்து விற்கிறார்கள்: பற்களைப் பார்த்து வாங்குங்கள்

சிறிய இன நாய்க்குட்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எங்களுக்குப் பொமரேனியன் குட்டியை விற்றவர், அதற்கு எட்டு வாரம் நிறைந்துவிட்டது என்றார். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்கள் அப்போதுதான் ஈறைக் கீறிக்கொண்டு எட்டிப் பார்த்தன, கடைவாயில் ஒன்றுமில்லை. ஐந்து வாரம் இருந்தால் அதிகம் என்றார். எட்டு வாரமாகும்போது பொதுவாக 28 பால் பற்களும் வந்திருக்கும். சிறிய இனங்களில் சற்றுத் தாமதமாகலாம், ஆனால் வாய் இப்படி வெறுமையாக இருக்காது.

பெரிய இனத்தில் மூன்று வார வித்தியாசம் பார்த்த உடனே தெரிந்துவிடும். கையளவு குட்டியிலோ அந்த வித்தியாசத்தை இனத்தின் மேல் போட்டுவிடலாம். "டீகப் (தேநீர்க் கோப்பை அளவு) வகை, இப்படித்தான் இருக்கும்" என்றார் விற்றவர். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் முக்கிய கென்னல் அமைப்புகள் எதுவும் டீகப் என்று ஓர் இனத்தை அங்கீகரிக்கவில்லை.

வந்த சில நாட்களில், ஒரு விடியற்காலையில் குட்டி தள்ளாடி விழுந்தது. உடல் நடுங்கியது, ஈறு வெளிறிச் சில்லிட்டிருந்தது. விற்றவரிடம் போனில் கேட்டதற்கு, தூக்கக் கலக்கம், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டார். அது இரத்தச் சர்க்கரை இறங்கியதன் அறிகுறி! இவ்வளவு சிறிய உடலில் சர்க்கரையின் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலோ குளிரில் கிடந்தாலோ தீர்ந்துவிடும். அடுத்தது வலிப்பு, பிறகு மரணம். மருத்துவர் சொன்னபடி குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவிக்கொண்டே தூக்கிக்கொண்டு ஓடினோம். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். இந்த வயதில் சிறிது சிறிதாக நாளுக்கு நான்கு வேளையாவது ஊட்ட வேண்டும். இதில் ஒரு வார்த்தைகூட விற்றவர் சொல்லவில்லை.

தடுப்பூசி அட்டையும் பொய். இரண்டு ஊசி போட்டதாகத் தேதிகள் இருந்தன. மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டோ, மருத்துவரின் கையெழுத்தோ முத்திரையோ இல்லை. முதல் ஊசியே வழக்கமாக 6 முதல் 8 வாரத்தில்தான் தொடங்குகிறது, பிறகு 16 வாரம்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தொடர்கிறது. அந்த அட்டையை நம்பி வெளியே விட்டிருந்தால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் வந்திருக்கலாம்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் வேறொன்றில். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் கற்கிறது. அந்த வாரங்களை விற்றவர் பறித்துவிட்டார். விளைவாக, எங்கள் குட்டி கையைக் கவ்வினால் ரத்தம் வரும்வரை விடாது. அதற்கு அவர் சொன்ன வைத்தியம், மூக்கில் அடிப்பது. வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அதிலேயே மூக்கைத் தேய்ப்பது. அப்படிச் செய்தால் குட்டி உங்களைக் கண்டு பயந்து, கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கத்தான் கற்கும். "எல்லாம் பழக்கியாயிற்று" என்றும் சொல்லி விற்றிருந்தார். இந்த வயதில் சிறுநீரை அடக்கும் திறனே முழுதாக வந்திருக்காது. கடித்தால் விளையாட்டை அப்போதே நிறுத்தி, கையை அசைக்காமல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கழிக்கும் இடத்துக்குத் தூக்கிப்போகிறோம். அங்கே கழித்த அந்த நொடியில் ஒரு துண்டுத் தீனி. மெதுவாகத்தான் மாறுகிறது, ஆனால் மாறுகிறது.

தாயைக் காட்டச் சொன்னபோது, அது வேறு வீட்டில் இருக்கிறது என்றார். தாயோடு சேர்த்துக் காட்டாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சிறிய இனக் குட்டிகளைப் பத்து, பன்னிரண்டு வாரம்வரை தாயிடமே வைத்திருக்கும் நல்ல வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். காத்திருந்து அவர்களிடம் வாங்குங்கள். பிறந்த தேதியை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். எங்களுக்கு விற்றவர் விளம்பரத்தை நீக்கிவிட்டு, குட்டியின் வயதைத் தாம் சொல்லவேயில்லை என்கிறார்.