ஞாயிறு கூடைப்பந்து லீக்: ஃபிபா விதியா, என்பிஏ விதியா?

ஃபிபா என்பது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு, என்பிஏ என்பது அமெரிக்கத் தொழில்முறை லீக். டிவியில் பார்ப்பது என்பிஏ, ஆனால் நம்மிடம் இருப்பது இரண்டு நடுவர்கள், மேசையில் ஒரு ஸ்கோரர், அவ்வளவுதான். ரீப்ளே எல்லாம் கனவு.

எதையும் தொடாத சொந்த ஷாட்டை நாமே பிடித்தால்?
ஃபிபா: உண்மையான ஷாட் என்றால் சரி. அது ஷாட்டா பாஸா என்பது நடுவர் கண்ணில்தான் இருக்கிறது, தகராறும் அங்கேதான் தொடங்கும்.
என்பிஏ: தப்பு, பந்து எதிரணிக்கு.

இருவர் பந்தைப் பிடித்து இழுத்தால்?
ஃபிபா: மேசையில், இரு அணிக்கும் மாறி மாறித் திருப்பப்படும் அம்புக்குறி அப்போது காட்டும் அணிக்கு. ஸ்கோரர் அதைத் திருப்ப மறந்தால் கூச்சல்தான்.
என்பிஏ: ஜம்ப் பால், அதாவது நடுவர் பந்தை மேலே போட, இருவரும் எகிறித் தட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் போகும், பந்தை நேராக மேலே போடுவதும் எல்லா நடுவருக்கும் வராது.

வளையத்தில் பட்டுத் துள்ளும் ஷாட்?
ஃபிபா: வளையத்துக்கு மேலேயே தட்டிவிடலாம்.
என்பிஏ: கூடாது. நம் லீக்கில் அவ்வளவு உயரம் எகிறுபவர் எத்தனை பேர், விடுங்கள்.

தடுப்பவருக்கான மூன்று விநாடி (யாரையும் நெருங்கித் தடுக்காமல் கூடைக்கு முன்னுள்ள கட்டத்தில் அதற்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி)?
ஃபிபா: கிடையாது.
என்பிஏ: உண்டு. பந்து, கைகள், கால்கள் எல்லாவற்றையும் பார்க்கும் இரண்டு பேர் இதையும் எப்படி எண்ணுவார்கள்?

டைம் அவுட்?
ஃபிபா: பயிற்சியாளர் மேசையில் கேட்க வேண்டும்.
என்பிஏ: பந்து வைத்திருக்கும் வீரரே கேட்கலாம். பயிற்சியாளரே இல்லாத அணிகளுக்கு இது வசதி.

மாவட்டப் போட்டி ஆசை உள்ளவர்கள் ஃபிபாவையே எடுங்கள், இந்தியாவில் போட்டிகள் அந்த விதிப்படிதான். பொழுதுபோக்குக்கு மட்டும் ஆடுபவர்களும் ஃபிபாவை வைத்துக்கொண்டு, டைம் அவுட்டை மட்டும் என்பிஏ பாணிக்கு மாற்றி, முதல் ஆட்டத்துக்கு முன்பே கேப்டன்களிடம் சொல்லிவிடுங்கள்.