மொத்த விலையா, பங்கா, வாரக் கணக்கா?

"சின்ன ஆப்தான் அண்ணே, எவ்வளவு ஆகும்?" கோலாலம்பூரில் புரோட்டோடைப், அதாவது ஒரு யோசனையைத் தொட்டுப் பார்க்கிற முதல் மாதிரி, செய்து கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. எவ்வளவு வாங்குவது என்பதைவிட எப்படி வாங்குவது என்பதில்தான் நான் அதிகம் சூடுபட்டிருக்கிறேன்.

மொத்த விலைதான் கேட்கிறவருக்குப் பிடிக்கும். கையில் இருப்பது சொந்தச் சேமிப்பு, ஒரே எண்ணாகச் சொன்னால் அவருக்கு நிம்மதி. ஆனால் ஆரம்ப நிலையில் இருப்பவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது முதல் பத்துப் பேர் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரியவரும், அதில் தப்பும் இல்லை. தீபாவளிப் பலகார ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்றை 8,000 ரிங்கிட்டுக்கு ஒத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம், ஆப் கேட்டவர் எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஆன்லைனில் பணம் கட்டும் வசதி) வேண்டும் என்றார், மூன்றாம் வாரம் டெலிவரி பையன் எங்கே வருகிறான் என்று வரைபடம், எல்லாமே "ஒரு பட்டன்தானே அண்ணே". ஒன்றரை மாத வேலை நான்கு மாதமாக இழுத்தது, கடைசித் தவணை 3,000 இன்னும் வரவில்லை.

மொத்த விலைக்கே போவதாக இருந்தால் இரண்டு விஷயம். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 26-ஆவது பிரிவின்படி, காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, செய்யச் சொன்னவருக்கே போகும். அதனால் "கடைசித் தவணை வந்த பிறகே உரிமை மாறும்" என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், அந்தக் கடைசித் தவணையை 5,000 ரிங்கிட்டுக்குள் வையுங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குக்கு அதுதான் வரம்பு, தனிநபராக வக்கீல் இல்லாமலே போடலாம். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.

காசுக்குப் பதில் கம்பெனியில் பங்கு? கம்பெனியே பதிவாகாதபோது ஐந்து சதவீதம் எதில் ஐந்து சதவீதம்? கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் எண்டர்பிரைஸ் (சொந்தப் பெயரில் நடத்தும் சின்னத் தொழில்) என்று பதிந்திருந்தாலும் பங்கு என்று ஒன்று கிடையாது, அதற்கு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் லிமிடெட் கம்பெனி, வேண்டும். வாட்ஸ்அப்பில் கொடுத்த வாக்கை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது. 2012-இல் மைடெக்சியாக இங்கே தொடங்கியதுதானே இன்றைய கிராப் என்பார்கள். சரிதான், அதே வருடம் தொடங்கிக் காணாமல் போனவற்றின் பெயரை யாரும் சொல்வதில்லையே.

நான் இப்போது நிற்பது வாரக் கணக்கில். ஒரு வாரம் 2,000, அதிகபட்சம் நான்கு வாரம், பணம் வாரத் தொடக்கத்திலேயே. முதல் வாரம் கோடே எழுத மாட்டேன், ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஆப்பின் திரைகளை மட்டும் வரைந்து கொடுத்து, யாருக்கு விற்கப் போகிறாரோ அவர்களிடம் காட்டிவிட்டு வரச் சொல்வேன். சில யோசனைகள் அங்கேயே படுத்துவிடும். எனக்கு மூன்று வார வருமானம் போச்சு, அவருக்கு 6,000 மிச்சம். திசை மாற்ற வேண்டுமா, தாராளமாக மாற்றட்டும், அந்த வாரத்துக்கும் காசு வருகிறதே. 'இது எங்கே போய் நிற்குமோ' என்ற பயம் அவருக்கு இருக்கும், நான்கு வார வரம்பு அதற்காகத்தான்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஹார்ட்வேர் புரோட்டோடைப் செய்பவர்களுக்கு இது ஒத்துவராது. சர்க்யூட் போர்டு தயாராகி வரும் வரை சும்மா காத்திருக்கும் வாரத்துக்கு யார் காசு கொடுப்பார்? அங்கே பாகங்களின் விலையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, வேலைக்கு மொத்த விலை போடுவதுதான் சரி.