டெஸ்லா மாடல் 3-இல் ஆக்சிலரேஷன் பூஸ்ட்: 2,000 டாலரும் கால் மைலும்

ஸ்பேனர் எடுக்காமல் காரை வேகமாக்குவது இந்தத் தலைமுறைக்கு வாய்த்த வசதி. 2019 டிசம்பரில் டெஸ்லா தன் மாடல் 3 லாங் ரேஞ்ச் டூயல் மோட்டார் கார்களுக்கு ‘ஆக்சிலரேஷன் பூஸ்ட்’ என்ற மென்பொருள் மேம்பாட்டை 2,000 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. நிறுவனம் சொன்ன கணக்கு: பூஜ்ஜியத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 4.4 விநாடி ஆனது, இனி 3.9 விநாடி. ஆப்பில் அப்கிரேட் பகுதிக்குப் போய்ப் பணம் கட்டினால் சற்று நேரத்தில் காருக்குள் இறங்கிவிடும். ஆக்சிலரேஷன் மெனுவில் ‘ஸ்டாண்டர்ட்’ இருந்த இடத்தில் ‘ஸ்போர்ட்’ வந்திருந்தால் வேலை முடிந்தது. பக்கத்திலேயே, நிதானமாக வேகமெடுக்கும் ‘சில்’ அப்படியே இருக்கும். பின்சீட்டில் பாட்டி உட்காரும்போது அதுதான் கைகொடுக்கும்.

மோட்டார், பேட்டரி, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டர் எதுவும் மாறுவதில்லை. இன்வெர்ட்டர் விடும் மின்னோட்டத்தின் உச்சவரம்பைக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள், அவ்வளவுதான். 2015-இல் மாடல் எஸ் காருக்கு லூடிக்ரஸ் மோடு என்ற அதிவேக அமைப்பு வந்தபோது நிலைமை வேறு. பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டத்தை 1,300 ஆம்பியரிலிருந்து 1,500-க்கு ஏற்ற, உருகும் ஃபியூஸுக்குப் பதிலாக மின்னணு ஃபியூஸும், இன்கோனெல் உலோகத்தில் செய்த கான்டாக்டரும் (மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) தேவைப்பட்டன. பழைய பி85டி ரக மாடல் எஸ் வைத்திருந்தவர்கள் அதற்கு 5,000 டாலரும் தனியாகப் பொருத்துகூலியும் கொடுத்தார்கள். அதோடு ஒப்பிட்டால் பூஸ்ட் மலிவுதான்.

அன்றாட ஓட்டத்தில் இது எங்கே தெரியும் என்றால், சிக்னலில் கிளம்பும்போதைவிட நெடுஞ்சாலை ராம்ப்பில் ஏறும்போதும், ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு லாரியைத் தாண்டும்போதும்தான். ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கால் பழையபடி இருந்தால் ரேஞ்சும் பழையபடி இருக்கும். கால் மாறிவிடும் என்பதுதான் சிக்கல். டயர் முன்பைவிடச் சீக்கிரம் தேய்வதைப் பார்த்தே யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

நேர்கோட்டில் கால் மைல் ஓடி நேரம் பார்க்கும் பந்தயத் தடமான டிராக் (drag) ஸ்ட்ரிப்பில் கதை வேறு. அமெரிக்காவில் கால் மைல் என்பது 1,320 அடி. ஓடி முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். அதில் 60 அடி, 330 அடி, 660 அடி, 1,000 அடி, கடைசிக் கோடு என ஒவ்வொரு இடத்தையும் கடந்த நேரம் இருக்கும். கீழே, கடைசி 66 அடியில் அளந்த சராசரி வேகம். நல்ல நிலையில் இருக்கும் மாடல் 3 லாங் ரேஞ்ச் பூஸ்ட் இல்லாமல் 12.5 விநாடியை ஒட்டி ஓடும், பூஸ்ட் போட்டால் 12.1-லிருந்து 12.3-க்குள். கடைசி வேகம் 113, 114 மைல். பூஸ்ட் தரும் லாபத்தின் பெரும்பகுதி ஓட்டத்தின் முதல் பாதியிலேயே கிடைத்துவிடுகிறது. அதைக் கோடு வரை காப்பாற்றுவது சார்ஜும் சூடும் டயரும். இந்த மூன்றையும் கவனிக்காதவர் 2,000 டாலர் கட்டியும் பழைய நேரத்தையே சீட்டில் பார்ப்பார்.

சார்ஜிலிருந்து தொடங்கலாம். லாங் ரேஞ்ச் பேட்டரியில் 96 செல் தொகுதிகள் தொடர் இணைப்பில் இருக்கின்றன, ஒவ்வொரு தொகுதியிலும் 46 செல்கள் இணையாக. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், மொத்தம் 403 வோல்ட். பாதி சார்ஜில் செல் 3.7 வோல்ட்டை ஒட்டி நிற்கும், மொத்தம் 355. மிதித்தவுடன் மின்னோட்டம் பாயும்போது இது இன்னும் சரியும். அதே ஆம்பியருக்குச் சக்தி ஏறத்தாழ 12 சதவீதம் குறைகிறது என்று அர்த்தம். கிளம்பும் நேரத்தில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே கட்டுப்படுத்துவது இன்வெர்ட்டரின் வரம்பு. 660 அடிக்கு அப்புறம்தான் காற்று போன பலூன் மாதிரி இழுவை தளரும். 60 அடி நேரம் ஒரே மாதிரி இருந்து கடைசி வேகம் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம், சார்ஜ்தான். 90 சதவீதத்துக்கு மேல் ஓடுங்கள். 70-க்குக் கீழே வந்தபிறகு ஓடும் ஓட்டத்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது சூடு. பெட்ரோல் கார்க்காரர்கள் வரிசையில் நிற்கும்போது இன்டேக் மேனிஃபோல்டின் மேல் ஐஸ் பையை வைத்துக் குளிரவைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து லேனில் இருக்கும் மின்காருக்கோ பேட்டரி சூடாக வேண்டும். செல் குளிர்ந்திருந்தால் உள்தடை அதிகம், வோல்ட்டேஜ் அதிகம் சரியும், கணினி சக்தியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். லாங் ரேஞ்ச் காரில் பந்தயத் தடத்துக்கான டிராக் (track) மோடு கிடையாது, அது மாடல் 3-இன் அதிவேக ரகமான பெர்ஃபாமன்ஸ் காருக்கு மட்டும். அதனால் ஊரறிந்த குறுக்குவழி ஒன்று இருக்கிறது: நேவிகேஷனில் டெஸ்லாவின் அதிவேகச் சார்ஜ் நிலையமான சூப்பர்சார்ஜர் ஒன்றைப் போட்டுவிட்டால், வேகமாகச் சார்ஜ் ஏற்றுவதற்காகக் கார் தானே பேட்டரியைச் சூடாக்க ஆரம்பிக்கும். ஸ்ட்ரிப்புக்கு அருகிலேயே சூப்பர்சார்ஜர் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே 95 சதவீதம் வரை ஏற்றிவிட்டு நேரே வந்தால் சார்ஜும் சூடும் ஒரே கல்லில் விழும். ஓட்டத்துக்கு முந்தைய நாள் இரவே 100 ஏற்றிக் குளிரில் நிறுத்தியிருந்தால் பாதிப் பலன்தான்.

ஆனால் சூடாக வேண்டியது பேட்டரி மட்டும். மோட்டாரும் இன்வெர்ட்டரும் குளிர்ந்தே இருக்க வேண்டும். இடைவெளி விடாமல் நான்கைந்து முறை ஓடினால் சக்தி குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் அவைதான். பின்சீட்டுக்கு முன்னால், நடுக் கன்சோலின் பின்புற மூடிக்குள் பழுதைக் கண்டறிவதற்கான இணைப்பு இருக்கிறது. கார் தயாரான வருடத்துக்கேற்ற வயரும் ஒரு ப்ளூடூத் அடாப்டரும் வாங்கி, ‘ஸ்கேன் மை டெஸ்லா’ ஆப்பில் பார்த்தால் செல் வெப்பம், வோல்ட்டேஜ், அந்த நேரத்தில் பேட்டரி தரத் தயாராக இருக்கும் உச்ச கிலோவாட் எல்லாம் தெரியும். பூஸ்டுக்கு அடுத்தபடியாகச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், வீலோ ஸ்பாய்லரோ இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது நின்றுவிடும்.

டயர் விஷயத்தில் எளிமையே நல்லது. 18 அங்குல வீல், 235/45 அளவு, மென்மையான கோடைக்கால ரப்பர். 19, 20 அங்குல வீல்கள் பார்க்க அழகு, ஆனால் எடை வெளிவிளிம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். சுழலும் எடை, சும்மா ஏற்றிச் செல்லும் எடையைவிட அதிகம் வாங்கும். நிறுவனம் சொல்லும் காற்றழுத்தம் 42 பி.எஸ்.ஐ. ஸ்ட்ரிப்பில் இரண்டிரண்டாகக் குறைத்து 36 வரை பார்க்கலாம். அதற்குக் கீழே போனால் 60 அடியில் கிடைப்பதைக் கடைசி வேகத்தில் விட்டுவிடுவீர்கள், பக்கச்சுவரும் நெளியும். வீட்டுக்குக் கிளம்பும்முன் மறுபடி 42. வீல் மாற்றினால் நட்டுகளுக்கு 129 பவுண்டு-அடி, அதாவது 175 நியூட்டன்-மீட்டர் முறுக்கு. 50 மைல் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஜாக்கியை அதற்கென்று குறித்த நான்கு இடங்களில், ரப்பர் கட்டை வைத்துத்தான் முட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வைத்தால் முட்டுவது பேட்டரிப் பெட்டியில்.

எடை குறைப்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. ஓடும் நேரம், எடையைச் சக்தியால் வகுத்த விகிதத்தின் கனமூலத்தை ஒட்டிப் போகும். ஓட்டுநரோடு 1,930 கிலோ வரும் காரில் 45 கிலோ குறைத்தால் 0.8 சதவீதம், 12 விநாடியில் ஏறத்தாழ 0.1. டிக்கியில் கிடக்கும் சாமான், தரைவிரிப்பு, குழந்தை சீட் இவற்றை எடுத்தாலே இதில் பாதி வந்துவிடும். அதற்குமேல் சீட்டைக் கழற்றுவதெல்லாம் ஏர்பேக் சென்சாரோடு மல்லுக்கட்டுவது.

கிளம்பும் இடத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். முன்னால் ஒரு நீர்க்குட்டை இருக்கும், பெட்ரோல் கார்கள் பின்சக்கரத்தை நனைத்துப் புகைகிளப்பும் இடம். நான்கு சக்கரமும் இழுக்கிற, சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோல் அணையாத காருக்கு அங்கே வேலையில்லை. சுற்றிக்கொண்டு போய்விடுங்கள், நனைந்த டயர் நேரத்தைத் தின்னும். கோட்டருகே பிசின் தெளித்த தரை, இறங்கி நடந்தால் ஷூவைப் பிடித்து இழுக்கும். நின்றதும் கார் நகராமல் பிடித்துக்கொள்ளும்படி ஸ்டாப்பிங் மோடை ‘ஹோல்ட்’ என்று வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் முதல் ஜோடி விளக்கு எரியும்வரை ஊர்ந்து, அப்புறம் ஒரு நூல் முன்னேறி இரண்டாவது விளக்கு எரிந்த நொடியே நிறுத்த வேண்டும். அதற்குமேல் நகர்ந்தால் கடிகாரம் தொடங்குமுன் கிடைக்கிற ஓரடிக் கொசுறு போய்விடும். நிறுவனங்கள் சொல்லும் விநாடிக் கணக்கில் சிலவும் இந்த ஓரடியைக் கழித்தவைதான் என்பது நினைவிருக்கட்டும். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் பழக்கம் இங்கே செல்லாது. எச்சரிக்கை ஒலித்துச் சக்தி துண்டிக்கப்படும். ஹோல்டில் காலை எடுத்துவிட்டு, கடைசி மஞ்சள் விளக்கில் ஒரே மிதி. பச்சைக்குக் காத்திருந்தால் எதிராளி போயிருப்பார். நீங்கள் கிளம்பத் தாமதித்தது உங்கள் ஓட்ட நேரத்தில் சேராது, பந்தயத்தில் மட்டும் சேரும்.

ஓடி முடிக்கும் இடத்தில் ஒரு பொறி காத்திருக்கிறது. தினமும் ஒரே பெடலில் ஓட்டிப் பழகியவர், கோட்டைத் தாண்டியதும் காலை எடுப்பார், கார் தானாக மட்டுப்படும் என்று. பேட்டரி 100-ஐ ஒட்டி இருக்கும்போது ரீஜென், அதாவது மோட்டாரே காரை மட்டுப்படுத்திப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்புவது, ஏறக்குறைய இருக்காது. திரையில் சக்திக்கோட்டின் இடப்பக்கம் புள்ளிபுள்ளியாகத் தெரிவது அதைத்தான் சொல்கிறது. 114 மைல் வேகத்தில் இரண்டு டன்னை நெருங்கும் கார், கால் எடுத்தும் வழுக்கிக்கொண்டே போகும். முதல் ஓட்டத்துக்கு முன்பே பிரேக்கைத்தான் நம்பப்போகிறோம் என்று மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். பிரேக் திரவம் பழசாக இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். திரும்பி வரும் வழியில் ஃபெண்டருக்குள் படபடவென்று கல் தெறிக்கும் சத்தம் கேட்கும். டயரில் ஒட்டிய பிசின் பொறுக்கி வந்த கற்கள், பயப்பட ஒன்றுமில்லை.

ஓர் ஓட்டத்துக்கு எவ்வளவு கரண்ட் என்று கேட்பார்கள். 114 மைல் வேகத்தில் காரில் இருக்கும் இயக்க ஆற்றல் 0.7 கிலோவாட்-மணி. இழப்புகளைச் சேர்த்தால் 1, திரும்பி ஊர்ந்து வருவதையும் சேர்த்தால் 1.3 என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரிப்பில் கேம்பர் வண்டிகளுக்கான 14-50 சாக்கெட் இருந்தால் கையோடு எடுத்துச்செல்லும் சார்ஜ் வயரான மொபைல் கனெக்டர் 32 ஆம்பியர், 7.7 கிலோவாட் எடுக்கும். பத்து நிமிடத்தில் போனது திரும்பிவிடும், மோட்டாரும் ஆறியிருக்கும். வெறும் 30 ஆம்பியர், 120 வோல்ட் சாக்கெட்தான் என்றால் 2.9 கிலோவாட், அரைமணி நேரம் ஆகும்.

ஓடுவதற்கு முன் ஸ்ட்ரிப்பில் நடக்கும் பாதுகாப்புச் சோதனையில் கேட்பவை அதிகமில்லை. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி 13.99 விநாடி அல்லது அதைவிட வேகமாக ஓடினால் ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ள ஹெல்மெட் கட்டாயம். பூஸ்ட் இல்லாத லாங் ரேஞ்சும் இந்த வரம்புக்குள் வந்துவிடும். முழுக்கால் பேண்ட், மூடிய ஷூ. வரிசையில் நுழைந்ததும் கேபின் ஏ.சி.யை அணையுங்கள். அடியில் சொட்டும் நீர் தடத்தில் விழுந்தால் பின்னால் வருபவருக்கு ஆபத்து, ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கே ஓடுவது என்பது வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. நியூஜெர்சி இங்கிலீஷ்டவுனில் 2018 ஜனவரியோடு டிராக் ரேஸ் நின்றது. பக்கத்து எடிசன் நகரத் தமிழர்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஹூஸ்டன் ரேஸ்வே 2023-இல் மூடப்பட்டது. அதே வருடம் டென்வர் அருகே 5,800 அடி உயரத்திலிருந்த பாண்டிமியர் கடைசிப் பருவத்தை முடித்தது. மின்காருக்கு அது சொர்க்கமாக இருந்தது. மெல்லிய காற்றில் பெட்ரோல் எஞ்சின் மூச்சுத்திணறும், மின்மோட்டாருக்குக் காற்றுத் தடை குறைந்ததுதான் மிச்சம். கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் சோனோமா ரேஸ்வேயின் புதன்கிழமை இரவு ஓட்டங்கள் பொதுமக்களுக்கானவை.

ஒரு விஷயத்தில் இந்தக் கார் பழந்தின்று கொட்டை போட்டவர்களையே திணறடிக்கும்: சார்ஜையும் வெப்பத்தையும் ஒரே அளவில் வைத்தால் ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் அப்படியே நிற்கும். கியர் இல்லை, கிளட்ச் இல்லை. முன்கூட்டியே நேரம் எழுதிவைத்து ஓடும் பிராக்கெட் பந்தயத்தில் இது பெரும்பலம். எழுதியதைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான் என்பதால், சார்ஜ் 95-இல் எழுதிய நேரத்தை 85-இல் மாற்றி எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

டெஸ்லா அல்லாத இடங்களில் குறைந்த விலைக்கு விற்கும் பூஸ்ட் மாட்யூல்களைத் தவிர்ப்பது நல்லது. 2020-இல் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பு அவற்றைக் கண்டுபிடித்து, ஒவ்வாத மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது என்று திரையில் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பயந்துகொண்டே வண்டி ஓட்டுவதில் என்ன சுகம்? வாரண்டி வாதம் தனி.

நெடுநாள் தேய்மானத்தில் கவனிக்க வேண்டியது டயருக்கு அடுத்து அச்சுத்தண்டுகள். நின்ற இடத்திலிருந்து முழுமிதி அடிக்கடி கொடுத்த சில கார்களில், கிளம்பும்போதோ ரிவர்ஸுக்கு மாறும்போதோ சக்கரப்பக்கம் ‘டிக்’ என்று ஒற்றைச் சத்தம் வரும். அச்சின் பற்கள் ஹப்போடு சேரும் முகத்தில் மசகு காய்ந்தால் வருவது அது. சுத்தம் செய்து மசகிட்டு முறுக்கினால் அடங்கும். அடங்காமல், வளைவில் கடகடத்தால் ஜாயிண்ட்டையே பார்க்க வேண்டும்.

இனிமேல்தான் கார் வாங்கப்போகிறவர், பழைய லாங் ரேஞ்சோடு பூஸ்ட் போடுவதா, பழைய பெர்ஃபாமன்ஸ் எடுப்பதா என்று குழம்புவார். விலை வித்தியாசம் 2,000 டாலரை ஒட்டியே இருந்தால் பெர்ஃபாமன்ஸ்தான். 3.1 விநாடிக் காரை மென்பொருளால் எட்ட முடியாது, பெரிய பிரேக்கும் டிராக் மோடும் கூடவே வரும். ஆனால் அதன் 20 அங்குல வீலைக் கழற்றிவிட்டு லாங் ரேஞ்சின் 18 அங்குல ஏரோ வீலை மாட்டிவிடலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். 2023 வரை வந்த பெர்ஃபாமன்ஸ் கார்களின் ரோட்டர் (பிரேக் வட்டு) நடுவே ஒரு படி இருக்கிறது. அந்த வீல் அதில் படிந்து உட்காராது. அதற்கென்று செய்த 18 அங்குல வீலுக்குத் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும்.