மாத்தேரான் குதிரைச் சவாரி: பாயின்ட் கணக்கை விடுங்கள், ஏரிக்கு மட்டும் போங்கள்

மும்பையில் தாராவியிலோ மாட்டுங்காவிலோ இருந்து காலையில் கிளம்பி, மர நிழலில் குதிரையேறி, ஏரிக்கரை பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியும் என்றால் அது மாத்தேரான் மலைவாசஸ்தலம்தான். சவாரி அருமை. ஆனால் விற்கப்படும் விதத்திலேயே வாங்கினால் பாதி சுகம் போய்விடும்.

தாதரில் கர்ஜத் அல்லது கோபோலி ஃபாஸ்ட் லோக்கல் ரயிலைப் பிடித்து, மலையடிவாரத்து நேரல் ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து ஷேர் டாக்ஸி, மேலே வண்டிகள் நிற்கும் தஸ்தூரி வரைதான், அதற்கு மேல் சொந்த வண்டிக்கும் டாக்ஸிக்கும் அனுமதி இல்லை. இறங்கியதுமே குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அங்கே ஏறாதீர்கள். பஜாருக்குப் போகும் வழியில் பேவர் பிளாக் பதித்த பகுதிகள் உண்டு. இரும்பு லாடம் அதில் வழுக்கும், ஈரமிருந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்திலுள்ள அமன் லாட்ஜ் ஸ்டேஷனில் குட்டி ரயில் ஷட்டிலைப் பிடித்து மேலே போய், பஜாரில் குதிரை பேசுங்கள். செம்மண் பாதைதான் குளம்புக்கு ஏற்றது.

மலைவிளிம்பில் நின்று காட்சி பார்க்கும் இடங்களைத்தான் பாயின்ட் என்கிறார்கள். 'ஏழு பாயின்ட்', 'பன்னிரண்டு பாயின்ட்' என்று பேக்கேஜ் சொல்வார்கள். எண்ணிக்கையை முடிக்கிற அவசரத்தில் குதிரையை விரட்டுவதுதான் நடக்கும். ஷார்லட் ஏரி ஒன்றை மட்டும் கேளுங்கள். ஏரியை ஒட்டியே பிசர்நாத் கோயில், கொஞ்சம் நடந்தால் எக்கோ பாயின்ட். போக, வர, அங்கே நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரே தொகையாகப் பேசி முடியுங்கள். காத்திருப்புக்குத் தனிக் காசு என்ற தகராறு பெரும்பாலும் இதைப் பேசாமல் விடுவதால்தான். குதிரையின் லைசென்ஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விலையைவிடக் குதிரையைப் பார்ப்பதுதான் முக்கியம். பத்தடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நடக்கும்போது தலை லேசாக ஆடுவது இயல்பு; ஆனால் ஒரு முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலை வெடுக்கென்று மேலே ஏறினால் அந்தக் காலில் வலி இருக்கலாம். சேணத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். பச்சைப் புண்ணோ ஈரமோ தட்டினால் வேறு குதிரை. சுமை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 60 கிலோ. கனமான ஆட்கள் பெரிய குதிரையாகக் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் நடப்பதுதான் நியாயம்.

அடுத்து வயிற்றுப் பட்டை. கட்டும்போது பல குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்து நிமிடம் நடந்ததும் பட்டை தளரும், சேணம் பக்கவாட்டில் சரியும், ஆளும் சரிவார். பட்டைக்குள் இரண்டு விரல் இறுக்கமாக நுழைவதுதான் அளவு. பஜாரைத் தாண்டியதும் ஒருமுறை நிறுத்தி 'பட்டா டைட் கரோ' என்று சொல்லுங்கள்.

அங்கவடி என்பது சேணத்திலிருந்து தோல் வாரில் தொங்கும், பாதம் வைக்கும் இரும்பு வளையம். அதன் நீளத்தைத் தரையில் நின்றே அளக்கலாம். வார் சேணத்தில் மாட்டியிருக்கும் இடத்தில் விரல் நுனியை வைத்து, கையை நீட்டினால் அடியிலுள்ள இரும்பு அக்குளைத் தொட வேண்டும். குழந்தைகளுக்கு எட்டவில்லை என்று காலை மேலே உள்ள தோல் வாருக்குள் செருகிவிடுவார்கள். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். விழும்போது கால் சிக்கிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். பாதத்தின் முன்பகுதி மட்டும் இரும்பில் இருக்கட்டும், குதிகால் கீழே. சின்ன ஹீல் வைத்த மூடிய ஷூ போடுங்கள். சைக்கிள் ஹெல்மெட் வீட்டில் இருந்தால் எடுத்துப்போங்கள், வெறுந்தலைக்கு அது மேல்.

ஏற்றத்தில் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள், இறக்கத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். பயம் வந்தால் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் பிடரி மயிரைப் பற்றுங்கள், குதிரையின் வாய் வலிக்காது. பையில் பிளாஸ்டிக் கவர் சரசரக்க வேண்டாம். குரங்கு பாயும், குதிரை மிரளும்.

குதிரையை ஓடவிடாமல் நடையிலேயே போனால்தான் காடு தெரியும். மாத்தேரான் என்றாலே 'தலைமேல் காடு' என்கிறார்கள். வழியில் நாவல், கடுக்காய். மராத்தியில் அஞ்சனி என்பது நம் காயாமரம். கிளையோடு ஒட்டி நீலமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும், சேணத்தில் உட்கார்ந்திருந்தால் பூ கண்ணுக்கு நேரே வரும்.

ஏரி ஊருக்குக் குடிநீர் தருவது, இறங்கவோ கால் கழுவவோ வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வார நாளில், காலையில் போவது உத்தமம். மழைக்காலத்தில் நேரலிலிருந்து மலைரயிலும் இருக்காது, சேறும் வழுக்கும். சனி ஞாயிறில் ஒரே குதிரை பல நடை போய்க் களைத்திருக்கும்.

இறங்கும்போது இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்த பிறகே இடப்பக்கம் இறங்குங்கள். விழுந்து சிராய்ப்பு ஏற்பட்டால், சாணம் கலந்த மண் என்பதால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பாக்கியிருந்தால் அன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள்.